விடுவித்த குற்றத்திற்குத் தண்டனை அளத்தல் முறையாமோ?

ஒருவன்மீது இரண்டு குற்றங்கள் சாட்டப்பெறுகின்றன. வழக்கைக் கேட்டிருந்த ஜூரிமார் பன்னிருவரும் ஒருமனப்பட்டு, முதற் குற்றத்தை இவன் செய்தான் என்றும், இரண்டாவதில் இவன் குற்றவாளி அல்லன் என்றும் தீர்ப்புரைக்கின்றனர். பின்னர்த் தண்டனையை அளவிடும் பொருட்டு நீதிபதி அமர்கின்றார். ஜூரிமார் ஐயுற்ற இடத்தில் தாம் ஐயுறவில்லை எனக் கருதி, விடுவிக்கப்பட்ட இரண்டாங் குற்றத்தையும் கணக்கிற் சேர்த்து, முதற் குற்றத்திற்குரிய தண்டனையை மிகுவிக்கின்றார். இவ்வாறு செய்தல் முறையாமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

இது கற்பனையிற் பிறந்த புதிர் அன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுவண் நீதிமன்றங்களில் நெடுங்காலம் கையாளப்பெற்று, அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தால் 1997-ஆம் ஆண்டில் ஏற்கப்பெற்று, 2024-ஆம் ஆண்டில் பெரிதும் குறுக்கப்பெற்ற ஒரு வழக்கமாகும் இது. சட்டம் பயில்வார்க்கு உரிய இப்பொருளிலே தமிழ் பயில்வார்க்கு யாது தொடர்பு என வினவுவார் உளராயின், அவர்க்கு ஒன்று கூறுவாம். இவ்வழக்கு முழுதும் ஒரு சொற்றொடரின் பொருளைப் பற்றியது. 'குற்றவாளி அல்லன்' என்று ஊரறிய உரைத்தபின், அவ்வுரை எதனைக் கட்டும், எதனைக் கட்டாது? சொல்லின் ஆற்றலை ஆராய்வார்க்கு இதனினும் சிறந்த பொருள் அரிது. ஏனெனில், இச்சொல்லின் பொருள் குறுகுமாயின் ஒரு மனிதனது சிறைவாசம் நீளும்.

1. இரண்டு துலாக்கோல்கள்

நம் நாட்டிலே 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரி முறை இடம்பெறவில்லை. ஆதலின் அம்முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். அமெரிக்க நாட்டின் பெருங்குற்ற வழக்குகளில், குற்றம் சாட்டப்பெற்றவன் அக்குற்றத்தைச் செய்தானா இல்லையா என முடிவு செய்வோர் சட்டம் பயிலாத குடிமக்களே. நீதிபதி சட்டத்தை எடுத்துரைப்பார். ஜூரிமார் உண்மையைத் துணிவர். 1791-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசியலமைப்பிற் சேர்க்கப்பெற்ற ஆறாந் திருத்தம் இவ்வுரிமையைக் காக்கின்றது. குற்றவாளி என்று துணிந்தபின், சிறைத்தண்டனை எத்தனை ஆண்டென அளவிடுதல் பெரும்பாலும் நீதிபதியின் கடமையாகும். எனவே, ஒரே வழக்கில் இருவேறு கட்டங்கள் உள்ளன: ஒன்று குற்றத் துணிவு; மற்றொன்று தண்டனை அளவீடு.

இவ்விரு கட்டங்களிலும் சான்றை நிறுக்கும் துலாக்கோல் ஒன்றன்று. குற்றத்தைத் துணியும்போது, நியாயமான ஐயத்திற்கு இடமின்றி அது மெய்ப்பிக்கப்படல் வேண்டும். இதனை அரசியலமைப்பின் கட்டளையாகவே உச்ச நீதிமன்றம் 1970-ஆம் ஆண்டில் வின்ஷிப் வழக்கில் நிலைநாட்டிற்று. தண்டனையை அளக்கும்போதோ, பொதுவாக, ஒரு செய்தி உண்மையாயிருத்தல் இல்லாதிருத்தலினும் மிகுதி எனத் தோன்றினாற் போதும்; ஒரு தட்டு மற்றதினும் ஓர் இம்மி தாழ்ந்தால் அமையும். முன்னையது பொன் நிறுக்கும் கோல். பின்னையது விறகு நிறுக்கும் கோல். பொன்னிறுக்கும் கோலில் தேறாத ஒன்றை விறகுக்கோலில் மீண்டும் நிறுத்து, தேறிற்று எனக் கொள்வதே நம் ஆராய்ச்சிக்குரிய வழக்கம்.

2. வழக்கம் வேரூன்றிய வரலாறு

இவ்வழக்கத்தின் வேர் தீய எண்ணத்தில் ஊன்றியதன்று. தண்டனை குற்றத்தை மட்டும் நோக்காது குற்றவாளியையும் நோக்கி அமைதல் வேண்டும். அவனது வாழ்க்கை, பழக்கவழக்கம், திருந்துதற்குரிய வாய்ப்பு ஆகிய அனைத்தையும் நீதிபதி அறிதல் வேண்டும் என்னும் கொள்கை அந்நாட்டில் முன்னரே செல்வாக்குப் பெற்றிருந்தது. 1949-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் முடித்த வில்லியம்ஸ் வழக்கு இக்கொள்கையின் விளைவு. நியூயார்க்கில் ஒரு கொலைவழக்கில் ஜூரிமார் குற்றவாளி எனத் துணிந்து, ஆயுட்சிறை போதுமெனப் பரிந்துரைத்தனர். நீதிபதியோ, அம்மனிதன் மேலும் முப்பது கன்னக்களவுகளிற் சேர்ந்தவன் என்ற, வழக்காடி மெய்ப்பிக்கப்பெறாத செய்திகளையும் கருத்திற்கொண்டு மரண தண்டனை விதித்தார். உச்ச நீதிமன்றம் அதனை மாற்றவில்லை. பின்னர் 1970-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற ஒரு சட்டம், தண்டிக்கப்படுவோனுடைய பின்னணி, குணம், நடத்தை ஆகியவற்றைப்பற்றி நீதிமன்றம் பெறும் செய்திகளுக்கு வரம்பு கட்டலாகாது என விதித்தது.

நீதிபதிக்கு நீதிபதி தண்டனை வேறுபடுதலால் விளைந்த குறைகளை நீக்கக் கருதி, 1984-ஆம் ஆண்டில் தண்டனைச் சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பெற்றது. அதன்வழித் தோன்றிய தண்டனை ஆணைக்குழு வகுத்த வழிகாட்டி விதிகள் 1987-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நடைமுறைக்கு வந்தன. குற்றத்தின் கொடுமையை 43 படிகளாகவும், முற்குற்ற வரலாற்றை 6 வகைகளாகவும் பிரித்து, இரண்டும் சந்திக்குமிடத்தில் இத்தனை மாதம் முதல் இத்தனை மாதம் வரை எனக் காட்டும் அட்டவணை அது. இவ்விதிகள் 'தொடர்புடைய நடத்தை' என ஒன்றையும் கணக்கிற் கொண்டன. தண்டனைக்குரிய குற்றத்தோடு தொடர்புடைய பிற செயல்கள், தனியே குற்றமாக மெய்ப்பிக்கப்படாவிடினும், படியை உயர்த்தும். முன்பு நீதிபதியின் மனத்துள் மறைந்து கிடந்த கணக்கு இப்பொழுது ஏட்டில் எண்ணாக எழுதப்பட்டது. ஆதலின், விடுவிக்கப்பட்ட குற்றமும் அக்கணக்கில் எண்ணாகப் புகுந்தமை எல்லார் கண்ணுக்கும் புலனாயிற்று.

இதன் முடிவு 1997-ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த வாட்ஸ் வழக்கு. அவ்வழக்கில் ஒரு வீட்டைச் சோதித்த காவலர், சமையலறை அலமாரியில் கொக்கெயின் என்னும் போதைப்பொருளையும், படுக்கையறை அலமாரியில் குண்டு நிரப்பிய இரண்டு துப்பாக்கிகளையும் கண்டெடுத்தனர். போதைப்பொருளை விற்கக் கருதி வைத்திருந்தான் எனத் துணிந்த ஜூரிமார், அக்குற்றத்தின்பொருட்டுத் துப்பாக்கியைப் பயன்படுத்தினான் என்ற குற்றச்சாட்டினின்றும் அவனை விடுவித்தனர். நீதிபதியோ, துப்பாக்கிகள் அக்குற்றத்தோடு தொடர்புடையனவே எனக் கருதி, இரண்டு படிகள் உயர்த்தினார். அதனோடு சேர்த்து ஆராயப்பெற்ற பிறிதொரு வழக்கில், அடுத்தடுத்த இரு நாட்களில் நடந்த போதைப்பொருள் விற்பனைகளுள் முதல்நாட் குற்றம் மட்டுமே ஜூரிமாரால் துணியப்பட்டது. நீதிபதி விடுவிக்கப்பட்ட மறுநாளின் அளவையும் கூட்டித் தண்டனை அளந்தார். இரண்டும் பிழையென மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. உச்ச நீதிமன்றம் அதனை மாற்றி, விடுவிக்கப்பட்ட நடத்தையாயினும் மிகுதிச் சான்றினால் மெய்ப்பிக்கப்பட்டால் நீதிபதி அதனைக் கருதலாம் எனத் தீர்ப்பளித்தது. நீதிபதி ஸ்டீவன்ஸ் இதனைக் கடிந்து மறுத்தெழுதினார். நீதிபதி கென்னடியும், இத்துணைப் பெரிய வினாவை முழு விவாதமின்றி முடித்தல் தகாதென வேறுபட்டார்.

3. ஏற்போர் கூறும் ஏதுக்கள்

ஒரு கொள்கையை மறுக்கப் புகுமுன் அதன் வலிமையை வலிமையாகவே எடுத்துரைத்தல் வாதத்தின் அறம். ஆதலின், இவ்வழக்கத்தை ஏற்போர் கூறுவனவற்றுள் தலையாய நான்கினைத் தொகுத்துக் கூறுவாம்.

முதலாவது: விடுவித்தல் என்பது குற்றமற்றவன் என நிறுவுதல் அன்று. ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். நூற்றுக்கு எண்பது பங்கு நம்பிய ஜூரிமாரும் விடுவிக்கக் கடமைப்பட்டவரே. ஆதலின், வேறோர் அளவுகோலால் நீதிபதி அதே செய்தியை நம்புதல் ஜூரிமாரின் தீர்ப்போடு முரணாது.

இரண்டாவது: நீதிபதி அளப்பது விடுவிக்கப்பட்ட குற்றத்திற்குரிய தண்டனையை அன்று. துணியப்பட்ட குற்றத்திற்குச் சட்டம் வகுத்த மேலெல்லைக்குள்ளேதான் தண்டனை அமைகின்றது. அக்குற்றம் எத்தகைய சூழலில் நிகழ்ந்தது என்பதே ஆராயப்படுகின்றது.

மூன்றாவது: குற்றமாகச் சாட்டப்பெறாத நடத்தையையும் நீதிபதி கருதலாம் என்பது நெடுநாள் வழக்கு. சாட்டப்பெறாததைக் கருதலாம், சாட்டப்பெற்று விடுபட்டதைக் கருதலாகாது எனின், வழக்காடத் துணிந்த அரசுத்தரப்பு வழக்காடாது வாளாவிருந்த தரப்பினும் இழிந்த நிலையை அடையும்.

நான்காவது: ஜூரிமார் தம் தீர்ப்பிற்குக் காரணம் கூறுவதில்லை. பல குற்றச்சாட்டுகள் ஒரே செயலினின்றும் கிளைத்தவையாயின், எச்செயலை ஏற்றனர், எதனை மறுத்தனர் எனப் பிரித்தறிதல் அரிது.

4. அவ்வேதுக்களை நிறுத்துப் பார்த்தல்

முதல் ஏது நம் ஆராய்ச்சியின் உயிர்நிலை. 'குற்றவாளி அல்லன்' என்பதும் 'குற்றமற்றவன்' என்பதும் சொல்லளவில் வேறென்பது உண்மையே. முன்னையது எதிர்மறை, அவ்வளவில் நிற்பது. பின்னையது ஒரு தன்மையை நிறுவுவது. ஆயினும், ஒரு சொல்லின் பொருளை அகராதியில் மட்டும் தேடுதல் போதாது; அச்சொல் எவரால், எவ்விடத்து, எப்பயன் கருதி உரைக்கப்பட்டது என்பதும் நோக்கற்பாலது. குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை எல்லாரும் குற்றமற்றவர் எனவே கொள்ளப்படுகின்றனர். அந்நிலையை மாற்ற வல்லது ஜூரிமாரின் துணிவு ஒன்றே. அத்துணிவு பிறவாவிடின், மனிதன் முன்னிருந்த நிலையிலேயே நிற்கின்றான். விடுவித்தல் அவனைப் புதிதாகக் குற்றமற்றவன் ஆக்கவில்லை என்பது மெய்; அவன் அந்நிலையை இழக்கவுமில்லை என்பது அதனினும் மெய். இழவாத ஒன்றை இழந்தான்போல் அவனைச் சிறையில் வைத்தற்கு என்ன உரிமை உண்டு? அளவுகோல் வேறாயிற்று என்பது விடையாகாது. சிறையின் கதவு எவ்வளவு காலம் பூட்டியிருக்கும் என்பதே கேள்வியாக இருக்கும்போது, பூட்டுதற்குப் பொற்கோலும் பூட்டை நீட்டித்தற்கு விறகுக்கோலும் வைத்தல் பொருந்தாது.

இரண்டாம் ஏது பெயரால் வெல்கின்றது, எண்ணால் தோற்கின்றது. இண்டியானாபோலிஸ் நகரில் 2015-ஆம் ஆண்டில் ஒரு மருந்துக்கடையைக் கொள்ளையிட்ட கூட்டத்துள் ஒருவன் பதினேழு வயதுடைய இளைஞன். கொள்ளைக்குப்பின், கூட்டாளிகளுள் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். ஜூரிமார் இளைஞனைக் கொள்ளைக் குற்றத்தில் துணிந்து, கூட்டாளியைக் கொன்ற குற்றத்தினின்றும் விடுவித்தனர். துணியப்பட்ட குற்றங்களுக்கு மட்டும் வழிகாட்டி காட்டிய தண்டனை 57 மாதம் முதல் 71 மாதம் வரை. கொலையையும் அவனே செய்தான் எனத் தாம் கண்டு, நீதிபதி விதித்தது 19 ஆண்டு, அஃதாவது 228 மாதம். வழிகாட்டியின் மேலெல்லையோடு ஒப்பிடினும் மிகுதி 157 மாதம். பதின்மூன்று ஆண்டிற்கும் மேல். அப்பதின்மூன்று ஆண்டு எதன் விலை? மருந்துக்கடைக் கொள்ளையின் விலை என்பார் சட்ட நூலார். எண்ணத் தெரிந்த எவரும் அங்ஙனம் கூறார்.

மூன்றாம் ஏதுவிற்கு விடை எளிது. சாட்டப்பெறாத நடத்தை ஒருபோதும் மக்கள்முன் சோதிக்கப்படவில்லை. சாட்டப்பெற்று விடுபட்டதோ, அரசு தன் முழுவலியோடு மெய்ப்பிக்க முயன்று தோல்வியுற்றது. ஓடாத குதிரையும் ஓடித் தோற்ற குதிரையும் ஒன்றாகா. மேலும், சோதிக்கப்படாத நடத்தைக்குத் தண்டனையை மிகுவித்தலும் தவறெனின், அத்தவற்றைத் திருத்துதல் வேண்டுமேயன்றி, அதனைச் சான்றாகக் காட்டி மற்றொரு தவற்றை நிறுவுதல் தகாது. இவ்விடத்தில் வேறொரு தீங்கும் உண்டு. பத்துக் குற்றங்கள் சாட்டி ஒன்பதில் தோற்றாலும், ஒன்றில் வென்றாற் போதும், மற்றொன்பதையும் தண்டனைக் கட்டத்தில் மீண்டும் எடுத்துரைக்கலாம் என்னும் நிலை இருக்குமாயின், அரசுத்தரப்பிற்குத் தோல்வி என்பதே இராது. குற்றம் சாட்டப்பெற்றவனுக்கோ, பத்திலும் வென்றாலன்றி வெற்றி என்பது இராது.

நான்காம் ஏது மெய்யான இடர்ப்பாடு. ஒரே செயலினின்றும் கிளைத்த குற்றச்சாட்டுகளைப் பிரித்தல் சில வழக்குகளில் அரிதே. ஆனால், சில இடங்களில் எல்லை மங்கலாயிருத்தல் எல்லையே வேண்டா என்பதற்குச் சான்றாகாது. வயலுக்கும் வயலுக்கும் இடையே வரப்பு வளைந்திருப்பின் அளந்து நேராக்குவர்; அதனை வெட்டி எறியார்.

5. ஜூரிமாரின் சொல்லுக்கு மதிப்பு

இதுகாறும் குற்றம் சாட்டப்பெற்றவனை நோக்கினோம். இனி, தீர்ப்புரைத்த பன்னிருவரையும் நோக்குதல் வேண்டும்.

1670-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில், வில்லியம் பென், வில்லியம் மீட் என்னும் குவேக்கர் சபையார் இருவர், கிரேஸ்சர்ச்சுத் தெருவிலே பிரசங்கித்தமைக்காக விசாரிக்கப்பெற்றனர். நீதிபதிகள் விரும்பிய தீர்ப்பை ஜூரிமார் தரவில்லை. உணவும் நீரும் தீயும் இன்றி அடைத்துவைக்கப்பட்டும் அவர் தம் சொல்லினின்றும் திரும்பவில்லை. விடுதலை கூறிய பின்னரும் நீதிபதிகள் அவர்மீது அபராதம் விதித்தனர். அபராதம் செலுத்த மறுத்துச் சிறைபுகுந்த புஷெல் என்பவர் மேல்மன்றத்தை அணுகினார். தலைமை நீதிபதி வாகன், ஜூரிமாரை அவர் தம் தீர்ப்பிற்காகத் தண்டித்தல் ஆகாதென நிலைநாட்டினார். அந்த வில்லியம் பென்னே பின்னர் அமெரிக்காவிற் பென்சில்வேனியாக் குடியேற்றத்தை நிறுவியவர். ஜூரிமாரின் சொல் அரசனது அதிகாரிகளாலும் வளைக்கப்படலாகாது என்னும் உணர்ச்சி கடல் கடந்து அந்நாட்டில் வேர்கொண்டது இத்தகைய நிகழ்ச்சிகளின் வழியாகவே.

இன்று ஜூரிமாரை எவரும் பட்டினி போடுவதில்லை. ஆயினும், அவருரைத்த சொல்லை நன்றியோடு ஏற்றுப் பின்னர்ப் பயனற்றதாக்குதல் அதனினும் எவ்வாற்றாற் சிறந்தது? வாஷிங்டன் நகரில் நடந்த ஒரு நெடிய போதைப்பொருள் வழக்கில், பெருஞ்சதியிற் சேர்ந்தனர் என்ற குற்றச்சாட்டினின்றும் மூவரை ஜூரிமார் விடுவித்து, சிற்றளவு விற்பனைகளில் மட்டும் குற்றவாளிகள் எனத் துணிந்தனர். நீதிபதி அச்சதி நடந்ததெனவே கொண்டு தண்டனை அளந்தார். அவர்கள் பெற்றவை முறையே 180, 194, 225 மாதங்கள். அவ்வழக்கின் ஜூரிமாருள் ஒருவர் 2008-ஆம் ஆண்டில் நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். தாங்கள் சொந்த வாழ்க்கையையும் ஒதுக்கிவைத்து, கேட்டும் எண்ணியும் தம்முள் வாதிட்டும் எய்திய தீர்ப்பிற்கு உரிய நிறை தரப்படவில்லையே எனவும், அரசுத்தரப்பார் விரும்பிய குற்றங்களுக்கன்றோ தண்டனை விதிக்கப்படுகின்றது எனவும் அதிலே வருந்தியிருந்தார். சட்டப்புலமை சிறிதும் வேண்டாத இம்முறையீட்டிற்குச் சட்டப்புலமை மிக்க விடைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றேனும் அவருடைய வருத்தத்தைத் தீர்க்கும் என யாம் எண்ணவில்லை. அவ்வழக்கு உச்ச நீதிமன்றத்தை அணுகியபோது, 2014-ஆம் ஆண்டில் அம்மன்றம் அதனை ஆராய மறுத்தது. நீதிபதி ஸ்காலியா, தாமஸ், கின்ஸ்பர்க் ஆகிய மூவரும், கொள்கையாற் பெரிதும் மாறுபட்டவராயினும், இதனை ஆராய்ந்தே தீரவேண்டுமென ஒருங்கே வேறுபட்டு உரைத்தனர்.

6. மறைநூலும் அறநூலும்

குற்றமில்லை எனக் கண்டபின் தண்டித்தல் என்னும் முரண்பாடு கிறிஸ்தவ வாசகர்க்குப் புதிதன்று. லூக்கா எழுதின சுவிசேஷத்தின் 23-ஆம் அதிகாரத்தில், தன்முன் நிறுத்தப்பட்டவரிடத்துச் சாட்டப்பட்ட குற்றம் ஒன்றையும் தான் காணவில்லை என்று பிலாத்து வெளிப்படையாகக் கூறுகின்றான். ஏரோதும் காணவில்லை என்கின்றான். இவ்விரண்டையும் கூறியவுடன் அவன் எய்திய முடிவு, தண்டித்து அனுப்பிவிடுவதென்பது. கூட்டத்தின் கூக்குரலுக்கும் தன் மனச்சாட்சிக்கும் இடையே அவன் கண்ட நடுவழி அது. இவ்வுவமை முற்றும் பொருந்துவதன்று என்பதனையும் மறைத்தல் ஆகாது. பிலாத்துவின் முன் நின்றவர்மேல் யாதொரு குற்றமும் நிலைபெறவில்லை. நாம் ஆராயும் வழக்குகளிலோ ஒரு குற்றமேனும் நிலைபெற்றுள்ளது. அமெரிக்க நீதிபதிகள் கூட்டத்திற்கு அஞ்சியவரும் அல்லர். ஆயினும், நிலைபெறாத குற்றத்தின் அளவிற்கு இரண்டும் ஒன்றே. காணாத குற்றத்தின்பொருட்டு ஒரு கசையடி வீழினும், அவ்வடி நீதியின் கையினின்றும் வீழ்ந்ததாகாது.

திருக்குறளில் அரசியலைப் பற்றிய அதிகாரங்கள் தண்டனைக்கு இரண்டு இலக்கணங்கள் கூறுகின்றன. தகுந்த முறையில் ஆராய்தல் ஒன்று. குற்றத்திற்கு ஒத்த அளவில் தண்டித்தல் மற்றொன்று. அமெரிக்காவில் எழுந்த இவ்வழக்கத்தை இவ்விரண்டின் பிணக்கு எனலாம். ஒத்த அளவைக் காணவேண்டும் என்ற நல்ல விருப்பமே, ஆராய்ச்சி நின்ற எல்லையைக் கடந்து செல்ல நீதிபதியைத் தூண்டிற்று. இரண்டும் வேண்டுமாயினும், ஆராய்தல் முன்னும் ஒறுத்தல் பின்னும் நிற்பன. முன்னது முடித்த ஒன்றைப் பின்னது திறத்தல் முறைபிறழ்வாகும்.

நீதிபதி விடுவிக்கப்பட்ட செய்திகளைக் கொண்டு தண்டனையைக் குறைக்கலாமெனின், மிகுவிக்கவும் ஆகாதோ என ஈண்டு ஒருவர் வினவலாம். ஆகாது என்பதே எமது கருத்து. குற்றமற்றவன் எனக் கொள்ளும் கொள்கை ஒருபாற் சாய்ந்தது. சாய்ந்திருத்தலே அதன் இயல்பு. இரக்கத்திற்குச் சான்று சிறிதாயினும் அமையும். கடுமைக்குச் சான்று நிறைந்திருத்தல் வேண்டும்.

7. அண்மைத் திருத்தங்களும் எஞ்சிய குறையும்

மாநில நீதிமன்றங்கள் சில இவ்வழக்கத்தை முன்னரே விலக்கின. நியூ ஹாம்ப்ஷயர் 1987-ஆம் ஆண்டிலும், வட கரோலினா 1988-ஆம் ஆண்டிலும் அங்ஙனம் செய்தன. மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றம் 2019-ஆம் ஆண்டில் பெக் வழக்கில் நால்வர்க்கு மூவர் என்ற அளவில் இதனைத் தடுத்தது. அவ்வழக்கில், கொலைக் குற்றத்தினின்றும் விடுபட்டு, தடையை மீறித் துப்பாக்கி வைத்திருந்தமைக்காகத் துணியப்பட்ட ஒருவனுக்கு வழிகாட்டி காட்டிய குறைந்தபட்ச எல்லை 22 முதல் 76 மாதம். விதிக்கப்பட்டதோ 240 முதல் 400 மாதம். நியூ ஜெர்சி மாநிலமும் 2021-ஆம் ஆண்டில் இவ்வழியே சென்றது. நடுவண் சட்டமன்றத்தின் கீழவை, இவ்வழக்கத்தைத் தடுக்கும் மசோதாவை 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 405-க்கு 12 என்ற வாக்கில் நிறைவேற்றிற்று. ஆயினும் அம்மசோதா அச்சட்டமன்றக் காலத்தில் சட்டமாக முற்றுப்பெறவில்லை.

மேலே கூறிய இண்டியானாபோலிஸ் வழக்கை 2023-ஆம் ஆண்டு சூன் இறுதியில் உச்ச நீதிமன்றம் ஆராயாது விடுத்தது. அப்பொழுது நீதிபதி சோதோமயோர், இவ்வழக்கம் நீதிமுறையின்மேல் மக்கள் வைத்த நம்பிக்கையைக் குலைக்கும் என்னும் கருத்துப்பட எழுதினார். கவனா முதலிய மூவர், தண்டனை ஆணைக்குழு இதனை ஆராய்ந்து வருதலால் பொறுத்திருத்தல் தகும் என்றனர். நீதிபதி அலிட்டோ, இவ்வழக்கத்தைக் குறைகூறுவோர் வாதங்களுக்கு எதிர்வாதங்களைத் தொகுத்துரைத்தார். அடுத்த ஆண்டு, 2024-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், அவ்வாணைக்குழு ஒருமனப்பட்டு விதியைத் திருத்தியது. திருத்தம் நவம்பர் முதல்நாள் நடைமுறைக்கு வந்தது. நடுவண் நீதிமன்றத்திற் சாட்டப்பெற்று விடுவிக்கப்பட்ட நடத்தை, துணியப்பட்ட குற்றத்தையே முழுதாகவோ பகுதியாகவோ நிறுவுவதாய் இருந்தாலன்றி, 'தொடர்புடைய நடத்தை' ஆகாதென்பது அதன் சாரம். நான்காம் ஏது கூறிய இடர்ப்பாட்டிற்கு இவ்விலக்கே விடையாதல் காண்க. இரு குற்றங்களுக்கும் பொதுவான செயலை நீதிபதி கருதலாம். விடுபட்ட குற்றத்திற்கே உரிய செயலைக் கணக்கிற் சேர்த்தல் ஆகாது. வரப்பு நேராக்கப்பட்டதேயன்றி வெட்டப்படவில்லை.

எனினும், குறை முற்றும் தீர்ந்ததெனக் கூறுதற்கில்லை. திருத்தம் வழிகாட்டியின் கணக்கை மட்டுமே மாற்றியது. 2005-ஆம் ஆண்டுப் புக்கர் வழக்கிற்குப்பின் வழிகாட்டி அறிவுரையேயன்றிக் கட்டளை அன்று. கணக்கு முடிந்தபின் நீதிபதி அதனின் ஏறவோ இறங்கவோ கருதுமிடத்து, 1970-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த கதவை ஆணைக்குழு அடைத்தற்கில்லை. மாநில நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்ட நடத்தையும் இத்திருத்தத்தின் எல்லைக்குப் புறம்பே நிற்கின்றது. வாட்ஸ் வழக்கின் தீர்ப்பை மாற்றும் ஆற்றலும் ஆணைக்குழுவிற்கு இல்லை. அதனை மாற்ற வல்லார் உச்ச நீதிமன்றத்தாரே.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், தண்டனையை அளக்கும் நீதிபதிக்கு மனிதனை முழுதும் அறியும் உரிமை வேண்டும் என்பதும், அவ்வுரிமை ஜூரிமாரின் விடுதலைத் தீர்ப்பின் வாயிலில் நிற்றல் வேண்டும் என்பதும் போதரும். நிற்பதனால் நேரும் இழப்பு யாது? சில வேளைகளில் உண்மையாகவே குற்றம் செய்தவன் அதற்குரிய தண்டனையினின்றும் தப்புவான். அவ்விழப்பைச் சிறிதென யாம் கூறவில்லை. கொலையுண்டவன் வீட்டார்க்கு அது பெரிது. ஆயினும், அவ்விழப்பு ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பித்தல் வேண்டும் என்ற விதியை ஏற்ற நாளிலேயே ஏற்கப்பட்டது. அதனை விசாரணையில் ஏற்று, தண்டனையில் மறுத்தல் ஒருகையாற் கொடுத்து மறுகையாற் பறித்தலேயாம்.

அரசு ஒரு மனிதனை நோக்கிக் 'குற்றவாளி அல்லை' என்று கூறுங்கால், அச்சொல் அவன் சிறையில் எண்ணும் நாட்களிலும் மெய்யாதல் வேண்டும்.